மருந்துக்கடையில் மருந்தாளுநர் எங்கே இருக்கிறார்?

தமிழ்நாட்டில் காய்ச்சல் கண்டவர் பலரும் முதலில் போகும் இடம் மருந்துக்கடைதான். "தலைவலி, உடம்பு வலி, லேசா காய்ச்சல். ரெண்டு வேளைக்கு ஒரு செட் மாத்திரை குடுங்கண்ணே" என்றால் போதும். நாலைந்து அட்டைகளிலிருந்து இரண்டிரண்டாக வெட்டி, காகித உறையில் போட்டு, நூறு ரூபாய்க்குள் கையில் கொடுத்துவிடுவார்கள். மறுநாளும் குறையவில்லை என்றால் அவரே டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டோடு அதே கடைக்கு வருவார். இந்த முறை எதுவும் கேட்கமாட்டார். சீட்டை நீட்டுவார், பணம் கொடுப்பார், போய்விடுவார்.

மருந்தாளுநரைப் பற்றி மக்கள் வைத்திருக்கும் எண்ணம் முழுவதும் இந்த இரண்டு வருகைகளில் தெரிந்துவிடுகிறது. நோய் இன்னதென்று தீர்மானிப்பதற்கு அவருக்குப் பயிற்சி இல்லை, சட்டமும் அனுமதிக்கவில்லை. அதை அவரிடம் தயங்காமல் கேட்கிறோம். எழுதிய மருந்தைச் சரிபார்ப்பதும், எப்படிச் சாப்பிட வேண்டும், எதோடு சேரக்கூடாது என்று விளக்குவதும் அவர் படித்துப் பதிவு பெற்ற வேலை. அதை அவரிடம் கேட்கலாம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

மக்களின் அறியாமை என்று இதைத் தள்ளிவிடுவது சரியல்ல. கடை நடக்கும் விதம், லாபம் வரும் வழி, கவுன்ட்டர் முன் நெருக்கியடிக்கும் கூட்டம் எல்லாம் சேர்ந்துதான் இந்த எண்ணத்தை வளர்த்திருக்கின்றன. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளிலும் இதற்கு நெருக்கமான ஒன்று தெரிகிறது. மருந்து பற்றிய சந்தேகத்துக்கு மருந்தாளுநரை மக்கள் நம்புகிறார்கள். ரத்த அழுத்தத்தைக் கண்காணிப்பது, புகைப்பழக்கத்தை விட உதவுவது போன்ற வேலைகளுக்கு அவர் பொருத்தமானவரா என்று தயங்குகிறார்கள். அந்தச் சேவையை ஒருமுறை பெற்றவர்களிடம் தயக்கம் குறைவாக இருக்கிறது. பார்க்காத வேலையை யாரும் மதிப்பதில்லை என்பதே இதன் பொருள்.

சட்டம் எதிர்பார்க்கும் ஆள்

1948ஆம் ஆண்டின் பார்மசி சட்டம், 42ஆம் பிரிவின்படி, டாக்டரின் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமை பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உண்டு. தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கும் டாக்டருக்கு மட்டும் விலக்கு. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65ஆம் விதியும் இதையே சொல்கிறது: சீட்டுக்கான மருந்தை மருந்தாளுநர் தானே கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவருடைய நேரடி மேற்பார்வையில் கொடுக்கப்பட வேண்டும். பதிவுக்கான குறைந்தபட்சப் படிப்பு டி.பார்ம். இரண்டு ஆண்டு வகுப்பும் 500 மணி நேரப் பயிற்சியும் அதில் அடங்கும். பி.பார்ம் நான்கு ஆண்டு. 2008இல் தொடங்கிய பார்ம்.டி ஆறு ஆண்டு.

2015இல் வந்த பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகள் இன்னும் விரிவாகப் போகின்றன. மருந்தின் பெயர், எதற்காக, எவ்வளவு, எத்தனை நாள், என்ன எச்சரிக்கை, என்ன பக்கவிளைவு, எதோடு சேரக்கூடாது, எப்படிப் பாதுகாப்பது, ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் மருந்தாளுநர் நோயாளியிடம் பேச வேண்டும். வெள்ளைக் கோட்டு போட்டு, பெயரும் பதிவு எண்ணும் தெரியும்படி அட்டை அணிந்திருக்க வேண்டும். நம் தெருக் கடையில் அந்த அட்டையைப் பார்த்த நினைவு எத்தனை பேருக்கு இருக்கும்?

ஒரு நடுத்தரக் கடை காலை எட்டரைக்குத் திறந்து இரவு பத்தரைக்கு மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 98 மணி நேரம். இதை ஒரு மருந்தாளுநரால் நிரப்ப முடியாது, குறைந்தது இரண்டு பேர் வேண்டும். சம்பளம் கட்டுப்படியாகாது என்று பல கடைகள் ஒருவரோடு நிறுத்திக்கொள்கின்றன. மீதி நேரத்தில் மாத்திரை எடுத்துத் தருபவர் அனுபவத்தில் தொழில் கற்ற விற்பனையாளர். எந்த மருந்து எந்த ரேக்கில் இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. அந்த மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. இதைவிட மோசமானது சான்றிதழை வாடகைக்கு விடும் வழக்கம். சுவரில் ஒருவருடைய பதிவுச் சான்றிதழ் கண்ணாடிக்குள் தொங்கும், அவரோ வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார், மாதாமாதம் ஒரு தொகை மட்டும் அவருக்குப் போய்ச்சேரும். மருந்தாளுநர் இல்லாமலோ போலி மருந்தாளுநரை வைத்தோ மருந்து வழங்குவது மக்களின் உயிரோடு விளையாடுவது என்று பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் கண்டித்தது.

பழைய கிளினிக்குகளின் கம்பவுண்டரும் இந்த எண்ணத்துக்கு ஒரு காரணம். டாக்டர் உள்ளே இருந்து சொல்வார், கம்பவுண்டர் மிக்சரைக் கலக்கி, பாட்டிலில் அளவுக் காகிதம் ஒட்டித் தருவார். சொன்னதைச் செய்பவர் என்ற அந்த இடத்திலேயே நம் மக்கள் இன்றைய மருந்தாளுநரையும் வைத்திருக்கிறார்கள். கம்பவுண்டரிடம் இருந்த கலக்கும் கைத்தொழிலும் இப்போது தொழிற்சாலைக்குப் போய்விட்டதால், பார்வைக்கு மிஞ்சியிருப்பது எடுத்துக் கொடுக்கும் வேலை மட்டும்.

ஒரு செட் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது?

மக்கள் கடைக்காரரை மிக அதிகமாக நம்புவதும், மிக அதிகமாகக் கெடுதல் நடப்பதும் இந்த இடத்தில்தான்.

காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஒரு செட்டில் பொதுவாக இருப்பவை இவை. பாராசிட்டமால் 650 மில்லிகிராம் ஒன்று. சளிக்கு ஒன்று: அதில் பாராசிட்டமால் 500, மூக்கடைப்பைக் குறைக்கும் பினைல்எப்ரின், தும்மலை நிறுத்தும் குளோர்பெனிரமின். உடம்பு வலிக்கு ஒன்று: அசிக்ளோபினாக் 100, அதோடு பாராசிட்டமால் 325. வயிறு எரியாமல் இருக்க ஒரு மாத்திரை. சில கடைகளில் மிகச் சிறிய வெள்ளை மாத்திரை ஒன்றும் சேரும், அது டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. சில கடைகளில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஒன்றோ இரண்டோ.

பாராசிட்டமாலை மட்டும் கூட்டிப் பாருங்கள். 650, 500, 325 சேர்ந்தால் ஒரு வேளைக்கு 1475 மில்லிகிராம். மூன்று வேளை போட்டால் 4425. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளின் உச்ச வரம்பு 4000தான். குடிப்பழக்கம் உள்ளவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் உடல் எடை மிகக் குறைந்தவருக்கும் அதைவிடக் கீழே. மூன்று மாத்திரைகளுக்கும் மூன்று பெயர் இருப்பதால், ஒரே மருந்தை மூன்று முறை விழுங்குகிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு பினைல்எப்ரின் அழுத்தத்தை ஏற்றும். அவர் டெல்மிசார்ட்டனும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் எடுப்பவராக இருந்தால், அசிக்ளோபினாக் சேரும்போது சிறுநீரகம் அடி வாங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றியிருந்தால் அந்த அடி இன்னும் பலமாக விழும். குளோர்பெனிரமின் தூக்கத்தைக் கொண்டுவரும், அதைப் போட்டுக்கொண்டு டூவீலர் ஓட்டக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் அசிக்ளோபினாக், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தக் கசிவின் ஆபத்தைக் கூட்டும். பரிசோதனை முடியும்வரை வெறும் பாராசிட்டமால் மட்டுமே போதும் என்று டாக்டர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

கடைக்காரரின் கைராசிக்குப் பெரிய காரணம் அந்தச் சிறிய வெள்ளை மாத்திரை. ஸ்டீராய்டு காய்ச்சலையும் வலியையும் சில மணி நேரத்தில் அமுக்கும், பசி எடுக்கும், உடம்பு லேசாகும். உள்ளே கிருமி இருந்தால் அது வளர்ந்துகொண்டேதான் இருக்கும், அறிகுறி மட்டும் மறைந்திருக்கும். சர்க்கரை நோயாளிக்கு அளவு கட்டுக்கடங்காமல் ஏறும். ஸ்டீராய்டு இல்லாத செட்டுக்கும் பாதிப் புகழ் இயற்கையாலேயே கிடைத்துவிடுகிறது. சாதாரண வைரஸ் காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தானாகத் தணியக்கூடியது.

இதோடு இன்னொரு சிக்கல். அட்டையின் ஒரு முனையில்தான் பேட்ச் எண்ணும் (தயாரிப்புத் தொகுதி எண்) காலாவதி நாளும் அச்சாகியிருக்கும். வெட்டிக் கொடுக்கும் மாத்திரையில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது, பெயரும் பாதிதான் தெரியும். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், "வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு, சின்னதா ஒண்ணு" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. வெட்டித் தருவது தவிர்க்க முடியாதது என்றால், எண் இல்லாத முனையிலிருந்து வெட்ட வேண்டும், பெயரையும் காலாவதி நாளையும் உறைமேல் எழுதித் தர வேண்டும்.

இதற்காகக் கூலித் தொழிலாளியைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. டாக்டரிடம் போனால் கட்டணம், காத்திருப்பில் அரை நாள் கூலி நட்டம். அந்தக் கணக்கில் பிழையில்லை. பிழை, அந்த இடத்தில் அவருக்குக் கிடைக்கும் பதிலில் இருக்கிறது. பயிற்சி பெற்ற மருந்தாளுநர் கவுன்ட்டரில் நின்றால் மாத்திரையைத் தொடுவதற்கு முன் சில கேள்விகள் கேட்பார். யாருக்கு, என்ன வயது, எத்தனை நாளாக? வேறு நோய்க்கு மருந்து ஓடுகிறதா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? பெண்ணென்றால், கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா? பிறகு பெரும்பாலும் ஒரே மருந்தைத்தான் தருவார். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், மூச்சிரைப்பு, தோலில் சிவந்த புள்ளிகள், நிற்காத வாந்தி, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சலும் என்றால் மருந்து தராமல் டாக்டரிடம் அனுப்புவார்.

வயிற்றுப்போக்குக்கு அவர் எடுப்பது ஓஆர்எஸ் என்ற உப்புச் சர்க்கரைத் தூள் பாக்கெட்டாக இருக்கும். சுமார் 21 கிராம் பாக்கெட் முழுதாக ஒரு லிட்டர் தண்ணீருக்கானது, சின்னப் பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்கிக் குடித்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து. பானப் பெட்டிகளில் வந்த இனிப்பு நீரும் ஓஆர்எஸ் என்ற பெயரில் வெகுகாலம் விற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை விகிதத்தில் இல்லாத உணவுப் பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடுத்தது.

சீட்டைப் பார்த்து எடுத்துத் தர என்ன படிப்பு?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பதில் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

டெல்மிசார்ட்டன் 40 என்பது ஒரு ரத்த அழுத்த மருந்து. அதே பெயருக்குப் பின்னால் எச் என்று ஓர் எழுத்து சேர்ந்தால் அதில் சிறுநீர் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது. ஏஎம் என்று சேர்ந்தால் அம்லோடிபின் என்ற இன்னொரு ரத்த அழுத்த மருந்து இருக்கிறது. அட்டைகள் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்து ரேக்கில் இருக்கும். ஒரு டாக்டர் ஏஎம் எழுதுகிறார், நோயாளி ஏற்கெனவே வேறொரு டாக்டர் எழுதிய அம்லோடிபின் 5 சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் அளவு இரட்டிப்பாகும். கணுக்கால் வீங்கும். வீக்கத்துக்கு மூன்றாவது ஒரு டாக்டர் நீர் மாத்திரை எழுதுவார். மருந்தின் விளைவுக்கே மருந்து என்று இந்தச் சங்கிலி நீளும். மூன்று சீட்டுகளும் ஒன்றாக வந்து சேரும் ஒரே இடம் மருந்துக்கடைதான். அங்கே ஒருவர் பார்த்தால் சங்கிலியை அறுத்துவிடலாம்.

மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. "ஒரு மாத்திரை" என்று மட்டும் காதில் விழுந்து தினமும் சாப்பிட்டால் முதலில் வாய்ப்புண், பிறகு ரத்த வெள்ளணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. சரியான முறை, எந்தக் கிழமை என்று நோயாளியிடமே கேட்டு, "செவ்வாய் மட்டும்" என்பதுபோல அட்டைமேல் பெரிதாக எழுதுவது. ஒரு மாதத்துக்கு மேல் தராமல் இருப்பதும் நல்லது.

ஆஸ்துமாவுக்கு இழுக்கும் கருவியில் போட வேண்டிய பவுடர் கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்கள் இன்றும் உண்டு. பார்வைக்கு அது சாதாரண கேப்சூல்தான், விழுங்கினால் நுரையீரலுக்கு ஒன்றும் போகாது. செய்து காட்ட இரண்டு நிமிடம் போதும். மூச்சை முழுதாக வெளியே விட்டு, வாயை இறுக்கமாக வைத்து வேகமாக உள்ளிழுத்து, சுமார் பத்து வினாடி அடக்க வேண்டும். ஸ்டீராய்டு கேப்சூல் என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் படலம் படியும்.

குழந்தைகளுக்கான பாராசிட்டமால் குறைந்தது மூன்று வலிமைகளில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 120, இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் வேண்டும் என்றால் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி, முதல் சிரப்பில் ஆறேகால் மில்லி, அடுத்ததில் 3 மில்லி. "போன தடவை 5 மில்லி கொடுத்தோம்" என்ற நினைவில் சொட்டு மருந்தை ஐந்து மில்லி கொடுத்துவிட்டால் 500 மில்லிகிராம் போய்விடும். வீட்டு ஸ்பூனால் அளப்பது இதை இன்னும் குழப்பும், பாட்டிலோடு வரும் மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்சுதான் அளவு.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொல்வது பலருக்குத் தெரியும். அதோடு கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ எடுப்பவர் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது தெரியாது. மாதக்கணக்கில் அளவை ஏற்றிக்கொண்டே போவார்கள், கோளாறு நேரத்தில் இருக்கும்.

இவற்றைப் பிடிப்பதற்கு மருந்தாளுநர் கேட்க வேண்டியது அதிகமில்லை. "இந்த மாத்திரை முன்னாடி சாப்பிட்டிருக்கீங்களா? டாக்டர் எப்படிச் சாப்பிடச் சொன்னார்? வேற என்ன மாத்திரை ஓடுது?" கடைசியாக, "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, ஒருதடவை சொல்லுங்கம்மா." தான் சொன்னதை நோயாளி வாயாலேயே திரும்பக் கேட்பதுதான் இதில் முக்கியம். தலையாட்டலை நம்பக்கூடாது.

அந்த இரண்டு நிமிடத்துக்கு யார் பணம் தருகிறார்கள்?

யாரும் தருவதில்லை. மருந்தாளுநரின் வருமானம் முழுவதும் விற்கும் அட்டையின் லாபத்திலிருந்து வருகிறது. 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்ச விலை நிர்ணயிக்கப்பட்ட மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரரின் லாபம் கொள்முதல் விலையின்மேல் 16 சதவீதம். மற்றவற்றுக்கு வழக்கமாக 20. உச்ச விலை உள்ள மருந்தில், வரி நீங்கலாக 30 ரூபாய் அட்டைக்கு அவருக்கு நிற்பது சுமார் நான்கு ரூபாய். அதிலும் "டிஸ்கவுண்ட் எவ்வளவு?" என்று நாம் கேட்கிறோம். இருபது சதவீதத் தள்ளுபடிப் பலகை வைத்திருக்கும் கடை அதை எங்கிருந்து ஈடுகட்டும்? அச்சிட்ட விலைக்கும் கொள்முதல் விலைக்கும் பெரிய இடைவெளி உள்ள கம்பெனிச் சரக்கிலிருந்து, சத்து மாத்திரையிலிருந்து, முகக் கிரீமிலிருந்து. பேச்சுக்குக் கூலி இல்லாமல் சரக்குக்கு மட்டும் கூலி இருக்கும் தொழிலில் சரக்குதான் நகரும். மக்கள் அவரை வியாபாரியாகப் பார்ப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி 31 முதல், தொண்டை வலி, பூச்சிக்கடியில் சீழ், பெண்களின் சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று உட்பட ஏழு தொல்லைகளுக்கு மருந்தாளுநரே நோயாளியைப் பார்த்து, வகுக்கப்பட்ட நெறிமுறைக்குள் ஆன்டிபயாடிக்கும் தரலாம். அந்த ஆலோசனைக்கு மருந்து விலையிலிருந்து பிரித்து அரசு தனியாகக் கட்டணம் தருகிறது. கடைக்குள் கதவு சாத்திப் பேச ஓர் அறை வேண்டும். இது நம் ஊரில் நடப்பதுபோலத் தோன்றலாம். வேறுபாடு, அங்கே கேள்விகளும் வரம்புகளும் பதிவும் கட்டணமும் இருக்கின்றன, மருந்து கொடுக்காமல் அனுப்பினாலும் அவருக்கு நட்டமில்லை.

நம் விதிகள் சில்லறைக் கடைக்குக் கேட்பது 10 சதுர மீட்டர் இடம்தான். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் ரேக். வெள்ளைப்படுதல், மூலம், மனநல மாத்திரை, ஆணுறை எதைப் பற்றியும் பக்கத்தில் நால்வர் நிற்கக் கேட்க வேண்டும். அவசர கருத்தடை மாத்திரைக்குச் சட்டத் தடை இல்லாதபோதும் தமிழ்நாட்டின் பல கடைகள் வைத்திருப்பதில்லை. கேட்கும் பெண்ணை ஏற இறங்கப் பார்க்கும் பார்வையும் உண்டு. அப்படி ஒருமுறை பார்க்கப்பட்டவர் அந்தக் கவுன்ட்டரில் இனி எந்த நோயைப் பற்றியும் வாய் திறக்கமாட்டார்.

கம்பெனி மாறினால் மருந்து மாறுமா?

"டாக்டர் எழுதினதே வேணும், வேற கம்பெனி வேண்டாம்." மருந்தாளுநரின் சொல்லுக்கு மக்கள் மிகக் குறைவாக மதிப்புத் தரும் இடம் இது. உள்ளே இருக்கும் மூலப்பொருளை அறிந்தவர் அவர்தான். ஆனாலும் 65ஆம் விதியின் 11ஏ உட்பிரிவின்படி, டாக்டர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய ஷெட்யூல் எச் பட்டியல் மருந்துகளுக்கான சீட்டில் எழுதியதற்குப் பதில் வேறு தயாரிப்பை அவர் தானாக மாற்றித் தரக்கூடாது. எழுதிய டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்பதே முறை. கேட்காமலேயே மாற்றும் கடைகளும் உண்டு, மூலப்பொருள் பெயரில் எழுதாத டாக்டர்களும் உண்டு. நடுவில் நோயாளி குழம்புகிறார். வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின், தைராய்டு மாத்திரை ஆகியவற்றில் தயாரிப்பை அடிக்கடி மாற்றாமல் இருப்பதே நல்லது. மற்றவற்றில் நிறமும் வடிவமும் மாறுவதுதான் ஆபத்து: பழைய அட்டை ஒரு மருந்து, புது அட்டை இன்னொரு மருந்து என்று நினைத்து முதியவர்கள் இரண்டையும் சாப்பிட்டுவிடுகிறார்கள்.

விலை குறைந்தால் வீரியமும் குறையும் என்ற சந்தேகம் 2008இல் தொடங்கிய ஜன் ஔஷதி கடைகளையும் விடவில்லை, 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு அரசு ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகங்களையும் விடவில்லை. சட்டப்படி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துத் தரநூல்தான். தரம் தவறிய பேட்ச்களின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடுகிறது, விலையை வைத்து அதில் யார் வருவார் என்று சொல்லிவிட முடியாது.

தரத்தில் கோளாறு வந்தால் காப்பாற்றுவது பேட்ச் எண். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதன் ஒரு பேட்ச்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்ததைத் தமிழ்நாட்டின் அரசு ஆய்வகம் கண்டறிந்தது. அப்படி ஓர் அறிவிப்பு வரும் நாளில், பேட்ச் எண்ணோடு பில் போட்ட கடையால் மட்டுமே யாருக்கெல்லாம் விற்றோம் என்று தேட முடியும். பில் வேண்டாம் என்று நாம் சொல்லும்போது அந்த வழியை அடைத்துவிடுகிறோம்.

ஆன்டிபயாடிக்: மறுப்பவரை மதிப்பது

2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள ஷெட்யூல் எச்1 என்ற கூடுதல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் செபிக்சிம், லெவோபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும், காசநோய் மருந்துகளும், அல்பிரசோலம், டிரமடால் போன்றவையும் உள்ளன. இவற்றை விற்றால் டாக்டரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் இதில் இல்லை, அவை பழைய ஷெட்யூல் எச்சில் இருக்கின்றன. அவற்றுக்கும் சீட்டு கட்டாயம்தான், அந்தத் தனிப் பதிவேடு மட்டும் இல்லை. மிக அதிகமாகச் சீட்டில்லாமல் கைமாறுபவை அவைதான் என்பதில் ஆச்சரியமில்லை.

சீட்டில்லாமல் தர மறுக்கும் மருந்தாளுநரிடம் "பக்கத்துக் கடையில குடுக்கிறாங்களே" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். மறுத்தவருக்கு வாடிக்கையாளர் போய்விடுகிறார், கொடுத்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. கேரளம் 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில் தொடர் சோதனைகளைத் தொடங்கியபோது பக்கத்துக் கடை என்ற வழியைத்தான் முதலில் அடைக்கப் பார்த்தது. எல்லாக் கடையும் ஒரே நேரத்தில் மறுத்தால் மறுப்பவருக்குத் தனி நட்டம் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு கடையை மட்டும் பிடித்துத் தண்டிப்பதால் இது மாறாது என்பது எங்கள் எண்ணம்.

கடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தள்ளுபடிப் பலகையை விட்டுவிட்டு ஃபிரிட்ஜைப் பாருங்கள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. உள்ளே வெப்பமானி இருக்கிறதா, இரவில் கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைக்கிறார்களா என்று கேட்கலாம். சித்திரை வெயிலில் இன்சுலின் வாங்கினால் ஐஸ் கட்டியில் நேராகப் படாதபடி துணியோ காகிதமோ சுற்றித் தரச் சொல்லுங்கள். திறந்த பிறகு பெரும்பாலான வகைகளுக்கு 28 நாள்தான் கணக்கு, திறந்த தேதியைப் பாட்டில்மேல் எழுதிவையுங்கள்.

மருந்தாளுநர் எந்த நேரத்தில் இருப்பார் என்று கேளுங்கள். மாதாந்திர மாத்திரைகளை அந்த நேரத்தில், கூட்டம் குறைந்த மதியப் பொழுதில் வாங்குங்கள். எல்லா டாக்டர்களின் சீட்டுகளையும், அரசு ஆஸ்பத்திரியிலோ மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலோ வீட்டுக்கு வந்த மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய், "இதுல ஒண்ணுக்கொண்ணு சேராதது இருக்கா, ரெண்டு தடவை இருக்கா?" என்று கேளுங்கள். முடிந்தவரை ஒரே கடையில் வாங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் மாறும்போது பழைய அட்டையைக் காட்டி, "இதை நிறுத்தணுமா, சேர்த்துச் சாப்பிடணுமா?" என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தோல் அரிப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் கிரீமில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேளுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்கள் ட்யூபில் இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள், படர்தாமரை முதலில் அடங்கி, பிறகு இரண்டு மடங்காகப் பரவும்.

சீட்டுக்குரிய மருந்தைச் சீட்டில்லாமல் விற்பது, மருந்தாளுநரே இல்லாமல் கடை நடப்பது ஆகியவற்றை மாவட்டத்தின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் தரலாம், கடையின் பெயரும் உரிம எண்ணும் பில்லிலேயே இருக்கும். மருந்தால் பக்கவிளைவு வந்ததாகச் சந்தேகித்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு நோயாளியே பேசலாம். மருந்தின் பெயர், பேட்ச் எண், சாப்பிடத் தொடங்கிய நாள், தொல்லை தொடங்கிய நாள் ஆகிய நான்கும் கையில் இருந்தால் பதிவு செய்வது எளிது.